நீண்ட ரோமமுள்ள சிறுநாயை வளர்ப்பவர் அறிய வேண்டியவை

சென்னையின் மேற்குப் புறநகரில் நாய் வளர்க்கும் வழக்கம் ஒரு தலைமுறைக் காலத்திற்குள் அடியோடு மாறிவிட்டது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையைச் சார்ந்த குடியிருப்புகளிலும், அம்பத்தூர்த் தொழிற்பேட்டை ஏற்பட்ட பிறகு அதைச் சுற்றி எழுந்த தனி வீடுகளிலும், நாய் என்பது முன்பெல்லாம் வாசற்படிக்கு வெளியே, வேப்ப மரத்தடியில், காவலுக்காக இருந்த பிராணி. அதன் குட்டையான ரோமம் வெயிலுக்கும் மழைக்கும் தானே ஈடுகொடுத்தது. அதன் இயற்கை உபாதைகளுக்கு வீட்டாரின் உதவி தேவைப்படவில்லை. மனைகள் அடுக்குமாடிகளாகி, தோட்டங்கள் வாகனம் நிறுத்தும் இடங்களாகிவிட்ட இந்நாளில், கூடத்திலும் படுக்கையறையிலும் மனிதரோடு மனிதராக வாழ்கிற நாய் பெரும்பாலும் ஷிட்சூ, லாசா அப்சோ, அல்லது நம் ஊரில் பொமரேனியன் என்று பொதுவாக அழைக்கப்படும் வெண்ணிற ஸ்பிட்ஸ் ஆகிய சிறு ஜாதிகளில் ஒன்றாகவே இருக்கிறது.

திபெத்திய மடாலயங்களின் குளிரில் லாசா அப்சோவைக் காத்த ரோமம், கடற்காற்று எட்டாத நம் புறநகரின் சித்திரை வெயிலில் அதற்குச் சுமையாகிறது. சீன அரண்மனைகளில் பணியாட்கள் தினந்தோறும் வாரிவிட்ட ஷிட்சூவின் கூந்தல், கணவனும் மனைவியும் வேலைக்குப் போய்விடும் வீட்டில் ஒரே மாதத்தில் சடையாகிவிடுகிறது. ரோமத்தைப் பேணுவது ஒரு காரியம், கண்ட இடத்தில் அசுத்தம் செய்யாதபடி பழக்குவது வேறொரு காரியம் என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதையும், ஒன்றில் நாம் தவறும்போது மற்றதும் கெட்டு, அக்கேட்டின் வேதனையை வாயில்லாத ஜீவன் அநுபவிக்கிறது என்பதையும், இவ்விஷயத்தில் சட்டம் நம்மீது என்ன கடமையைச் சுமத்தி, நமக்கு என்ன பாதுகாப்பை அளித்திருக்கிறது என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டத்திலிருந்து தொடங்குவது பொருத்தமாக இருக்கும். ஏனெனில் அச்சட்டத்திற்கும் சென்னைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் 1952இல் மாநிலங்களவையின் நியமன உறுப்பினராகி, பிராணிகளின் துன்பத்தைத் தடுப்பதற்காகத் தாமே ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அரசாங்கமே விரிவான சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு உறுதியளித்ததன் பேரில் அதைத் திரும்பப் பெற்றார். அதன் பயனாகப் பிறந்ததே 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம். அச்சட்டத்தின்படி 1962இல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியம் அம்மையாரின் தலைமையில் சென்னையிலேயே தொடங்கி, அரை நூற்றாண்டுக்கும் மேலாக இங்கேயே இயங்கியது. 2018இல்தான் அதன் தலைமையகம் ஹரியானாவுக்கு மாற்றப்பட்டது.

அச்சட்டத்தின் 3ஆம் பிரிவை நாய் வளர்ப்போர் ஒவ்வொருவரும் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஒரு பிராணியைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர், அதன் நலத்திற்கு நியாயமான எல்லா ஏற்பாடுகளையும் செய்யவும், அதற்குத் தேவையற்ற வலியோ துன்பமோ நேராதபடி தடுக்கவும் கடமைப்பட்டவர் என்று அப்பிரிவு கூறுகிறது. 11ஆம் பிரிவு, அடிப்பதையும் உதைப்பதையும் மட்டுமன்றி, போதிய உணவும் நீரும் தங்குமிடமும் அளிக்காதிருப்பதையும், அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பதையும், குட்டையான அல்லது கனத்த சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதையும், எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடமாட விடாதிருப்பதையும், தக்க காரணமின்றிக் கைவிடுவதையும் குற்றங்களாக வகுக்கிறது. பசி தாகத்திலிருந்தும், அசௌகரியத்திலிருந்தும், வலி நோயிலிருந்தும், அச்சத்திலிருந்தும் விடுபட்டு, தன் சுபாவப்படி வாழும் நிலை பிராணிகளுக்கு உரியது என்பதை உச்ச நீதிமன்றம் 2014ஆம் ஆண்டு மே 7ஆம் தேதி, ஜல்லிக்கட்டு சம்பந்தமான நாகராஜா வழக்கின் தீர்ப்பில் அங்கீகரித்தது. ஜல்லிக்கட்டைப் பற்றிய சட்டநிலை பின்னர் மாறியது வேறு விஷயம். பிராணியின் நலத்தைப் பற்றி அத்தீர்ப்பு எடுத்துரைத்த இந்த அளவுகோல் வீட்டு நாய்க்கும் பொருந்துவதே.

இனி ரோமத்துக்கு வருவோம். சிக்கு என்பது அழகைக் கெடுக்கும் குறை என்றே பலர் நினைக்கிறார்கள். அது வலி தரும் ஒரு நிலை என்பதை உணர்ந்தவர் சிலரே. உதிர்ந்த ரோமம் கீழே விழாமல் உதிராத ரோமத்தோடு பின்னிக்கொண்டு, அழுக்கும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து இறுகி, சருமத்தை எந்நேரமும் இழுத்துக்கொண்டிருக்கிறது. நாய் ஓரடி எடுத்து வைத்தாலும் அந்த இழுப்பு கூடுகிறது. காதின் பின்புறம், முன்னங்காலின் அக்குள், கழுத்துப்பட்டை அழுத்தும் இடம், தொடையின் உட்புறம், வாலின் அடி ஆகியவைதாம் சிக்கு முதலில் விழும் இடங்கள். மேலாக வாரிவிடுவதால் பயனில்லை. ஒரு கையால் ரோமத்தைத் தூக்கிப் பிடித்து, வகிடு வகிடாகப் பிரித்து, தோல் தெரியும் வரையில் முதலில் பிரஷ்ஷாலும் பின்பு அகன்ற பல் உள்ள உலோகச் சீப்பாலும் வார வேண்டும். ரோமத்தை நீளமாக விட்டிருப்பவர் தினமும், குட்டையாகக் கத்தரித்திருப்பவர் வாரத்தில் இரண்டு மூன்று முறையும் இதைச் செய்தால் சடை என்ற பேச்சுக்கே இடமிராது. இறுகிப்போன சடையைக் கத்தரிக்கோலால் வெட்ட முயல்வது அபாயகரமானது. சடையோடு சருமமும் மேலெழும்பி நிற்பதால் தோலே துண்டாகிவிடும். அத்தகைய சடையை இயந்திரத்தால் தோலோடு ஒட்ட மழிப்பதுதான் கருணையான வழி; ரோமம் மீண்டும் வளரும்.

நாய் எவ்வளவோ பழகியும் திடீரென்று வீட்டுக்குள் அசுத்தம் செய்யத் தொடங்கினால், பல வீடுகளில் அதைத் திமிர் என்றும் பிடிவாதம் என்றும் முடிவுகட்டிவிடுகிறார்கள். வாலின் அடியில் வளர்ந்த ரோமம் மலத்தோடு ஒட்டிக் காய்ந்து, மலத் துவாரத்தையே மூடி அடைத்துவிடுவது நீள்ரோம ஜாதிகளில் சகஜமாக நேருகிற விபரீதம். அந்நிலையில் நாய் முக்கியும் வெளியேற்ற இயலாமல், வலிக்கு அஞ்சி அடக்கிவைத்து, இறுதியில் நின்ற இடத்தில் விட்டுவிடுகிறது. நம் உஷ்ணப் பிரதேசத்தில் ஈக்கள் அந்த ஈரச் சடையில் முட்டையிட்டு, ஒரு நாளுக்குள் புழு வைத்துவிடுவதும் உண்டு; மேலே வெண்பட்டாக மின்னும் ரோமத்தின் கீழே சதை அரிக்கப்பட்டுக்கொண்டிருப்பதை வீட்டார் துர்நாற்றம் எழுந்த பிறகே அறிகிறார்கள். ஆகவே மலத்துவாரத்தைச் சுற்றியும், அடிவயிற்றிலும், சிறுநீர் படும் இடத்திலும் உள்ள ரோமத்தை மாதம் ஒரு முறையாவது குட்டையாகக் கத்தரிப்பது அவசியம். பாதத்தின் திண்டுகளுக்கு நடுவே வளரும் ரோமத்தையும் அவ்வாறே கத்தரிக்க வேண்டும். இல்லையேல் டைல்ஸ், கிரானைட் தரைகளில் கால் வழுக்கி, சிறுநாய்களுக்கு இயல்பாகவே பலவீனமான முழங்கால் சில்லு நழுவ ஏதுவாகும். வழுக்கும் தரையைக் கடந்து கழிப்பிடம் போக அஞ்சும் நாயும் வழியிலேயே நின்றுவிடும்.

குளிப்பாட்டுவதில் ஒரு கிரமம் உண்டு. சிக்கெடுத்த பிறகே நீரூற்ற வேண்டும். நனைந்த சிக்கு முன்னிலும் இறுகும். இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒரு முறை, நாய்க்கென்று தயாரித்த ஷாம்பூவால், வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டினால் போதும். மனிதருக்குரிய சோப்பும் ஷாம்பூவும் அதன் சருமத்தை வறட்டிவிடும். அம்பத்தூர், ஆவடிப் பக்கத்துப் போர்வெல் நீர் பல தெருக்களில் உப்பும் கடினமுமாக இருப்பதால், ஷாம்பூ ரோமத்தில் தங்கி அரிப்பை உண்டாக்கும். குடிநீரைக் கொண்டு கடைசியாக ஒரு முறை அலசிவிடுவது நல்லது. கிருமி போகும் என்ற நம்பிக்கையில் டெட்டாலைக் கலந்து குளிப்பாட்டுவதும், உண்ணிக்காகக் கற்பூரம் கரைத்த எண்ணெயைத் தடவுவதும் நம் வீடுகளில் வழக்கமாக இருக்கின்றன. நாய் தன் தேகத்தைத் தானே நக்கிக்கொள்ளும் பிராணியாதலால் இவை வயிற்றுக்குள் சென்று விஷமாகும். காதில் நீர் புகாதபடி பஞ்சு வைப்பதும், குளித்தபின் அடிரோமம் வரையில் உலர்த்துவதும் முக்கியம்; மேலே உலர்ந்து உள்ளே ஈரமாக இருக்கும் ரோமத்தின் கீழேதான், ஐப்பசி கார்த்திகை மாதங்களின் ஈரக்காற்றில், பூஞ்சையும் புண்ணும் கிளம்புகின்றன.

கோடை வந்ததும் நாயை மொட்டையடித்துவிடுவது சிலருக்கு வழக்கம். ஷிட்சூவுக்கும் லாசா அப்சோவுக்கும் ரோமத்தை ஓர் அங்குல அளவில் குறைப்பது நன்மையே. ஆனால் பொமரேனியன், ஸ்பிட்ஸ் முதலியவை மேலே முரட்டு ரோமமும் கீழே பஞ்சு போன்ற அடிரோமமும் கொண்டவை. இவற்றைத் தோலோடு மழித்தால் ரோமம் மாதக்கணக்கில் வளராமல் வழுக்கையாக நின்றுவிடக்கூடும், வெயிலும் நேராகத் தோலைச் சுடும். இவற்றுக்கு அடிரோமத்தை வாரி எடுத்துக் காற்றோட்டம் உண்டாக்குவதே முறை. நாய்க்கு உடல் முழுதும் வியர்ப்பதில்லை. பெரும்பாலும் மூச்சிரைப்பின் மூலமே உஷ்ணத்தை வெளியேற்றுகிறது. ஷிட்சூவைப் போன்ற சப்பை மூக்கு நாய்க்கு அந்த வழியும் குறுகியது. இயல்பாக 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும் அதன் உடல் வெப்பம் 104ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. கதவடைத்த கார், வெயில் விழும் பால்கனி, நண்பகல் மொட்டைமாடி ஆகியவற்றில் சிறிது நேரம் விட்டாலும் இது நேரும். அப்போது நிழலுக்குக் கொண்டுவந்து, குழாய் நீரால் உடலை நனைத்து, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் விரைய வேண்டும். அயல்நாட்டுக் குளிர்ப்பிரதேச நாய்கள் இங்கே படும் பாட்டைக் கருதியே, தமிழக அரசு 2024இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், சௌ சௌ முதலிய ஜாதிகளை இங்கு இனப்பெருக்கம் செய்வதற்குத் தடை கூறியது.

நீண்ட ரோமம் உண்ணிக்கு மறைவிடம். பழுப்பு நிற நாய் உண்ணி எர்லிகியா, பபேசியா என்னும் இரத்த நோய்களைப் பரப்புகிறது. காய்ச்சல், உணவில் வெறுப்பு, ஈறு வெளுத்தல், மூக்கில் இரத்தம் வடிதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றைக்கே இரத்தப் பரிசோதனை செய்விக்க வேண்டும். மழை விட்டபின் காலி மனைகளில் மண்டும் நாயுருவியின் முள்விதைகளும் புல்லின் கூர்முனைகளும் காதிலும் விரலிடுக்கிலும் ஏறித் துளைப்பதால், நடந்துவிட்டு வந்ததும் கைவிரலால் தடவிப் பார்ப்பது நல்ல வழக்கம். பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிக் குடியிருப்போருக்கு, மெட்ரோ ரயில் பணிகளால் எழுந்த புழுதி இவ்வேலையை இரட்டிப்பாக்கியது தெரிந்ததே.

தாமாகச் செய்ய இயலாதவர்கள் நாய்களுக்கான பார்லர்களை நாடுகிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் அங்கே நேரக்கூடிய விபத்துகளை அறிந்திருக்க வேண்டும். கூண்டுக்குள் அடைத்து வெந்நீராவி போன்ற காற்றைச் செலுத்தி உலர்த்தும் கருவியால் சப்பை மூக்கு நாய்கள் மூச்சுத் திணறி இறந்த சம்பவங்கள் உலகெங்கும் நிகழ்ந்திருக்கின்றன. ஷிட்சூவின் விழிக்குழி ஆழமற்றது. பிடரியை இறுகப் பற்றித் தூக்கினாலோ, கழுத்துக் கயிறு நெரித்தாலோ விழியே பிதுங்கி வெளிவரக்கூடும். முரண்டு பிடிக்கும் நாய்க்கு மயக்க மருந்து கொடுப்பதாகச் சொல்லும் இடத்திலிருந்து உடனே நாயை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவரே சிகிச்சை செய்யத் தகுதியுள்ளவர். வேலை நடக்கும்போது உரிமையாளர் பார்க்க அனுமதி உண்டா, எப்படி உலர்த்துகிறார்கள், ஒரு நாய்க்குப் பயன்படுத்திய கத்தியையும் சீப்பையும் அடுத்த நாய்க்கு முன் சுத்தம் செய்கிறார்களா என்று கேட்டறிந்து, நாயின் புகைப்படத்தை விடும்போதும் எடுக்கும்போதும் பதிவு செய்து, பணத்துக்கு ரசீது பெறுவது விவேகம்.

காயமோ மரணமோ நேர்ந்துவிட்டால், அதை விதி என்று விட்டுவிட வேண்டியதில்லை. பணம் பெற்றுச் செய்யும் ஊழியத்தில் குறைபாடு ஏற்பட்டால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது. கால்நடை மருத்துவரின் எழுத்துபூர்வமான சான்று, ரசீது, படங்கள், குறுஞ்செய்திகள் ஆகியவற்றைச் சேர்த்துவைத்து, முதலில் எழுத்து மூலம் ஈடு கேட்டு, மறுத்தால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். புகார் கொடுப்பவர் தாம் வசிக்கும் இடத்தின் ஆணையத்திலேயே வழக்கிடலாம் என்பது இச்சட்டம் தந்த சௌகரியம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணமில்லை. வழக்கறிஞர் இன்றித் தாமே வாதிடவும் உரிமை உண்டு. அம்பத்தூர் வட்டம் 2018 முதல் சென்னை மாவட்டத்தைச் சேர்ந்தது என்பதையும், ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை என்பதையும் மறவாதிருந்தால் வீண் அலைச்சல் மிச்சமாகும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

இனிக் கழிப்பிடப் பழக்கத்துக்கு வருவோம். அதன் வெற்றி தோல்வி, குட்டியை வாங்கும் இடத்திலேயே பாதி நிர்ணயமாகிவிடுகிறது என்பது என் உறுதியான அபிப்பிராயம். நாய்க்குட்டிக்குத் தான் படுக்கும் இடத்தை அசுத்தம் செய்யாத சுபாவம் இயற்கையிலேயே உண்டு. தாயோடு இருக்கும் வாரங்களில் அது வலுப்பெறுகிறது. இலாபத்துக்காகக் கூண்டில் நெருக்கி வளர்க்கப்பட்ட குட்டியோ, வேறு வழியின்றித் தன் கழிவின் மீதே படுத்து, அச்சுபாவத்தை இழந்துவிடுகிறது. பிறகு அதைப் பழக்குவது மாதக்கணக்கான பிரயாசை. நாய் இனப்பெருக்கமும் விற்பனையும் குறித்த 2017ஆம் ஆண்டு விதிகள், வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்றும், எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக்கூடாது என்றும் விதிக்கின்றன. பதிவுச் சான்று எங்கே, தடுப்பூசிக் குறிப்பு எங்கே, தாய் நாயைக் காட்ட முடியுமா என்று கேட்பது வாங்குபவரின் உரிமை. பேருந்து நிலையத்தில் அட்டைப்பெட்டியில் கொண்டுவந்து தருகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள்.

வீட்டுக்கு வந்த இரண்டு மாதக் குட்டியால் பகலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம்தான் அடக்க முடியும். மாதம் ஒன்று கூடினால் ஒரு மணி கூடும் என்பது தோராயமான கணக்கு. தூங்கி எழுந்ததும், உணவு உண்ட பத்து இருபது நிமிஷங்களிலும், விளையாடி ஓய்ந்ததும், இரவு படுக்குமுன்னும், கயிற்றில் பிடித்து எப்போதும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோய், ஒரே சொல்லைச் சொல்லி, பேசாமல் நிற்க வேண்டும். அது காரியத்தை முடித்த அந்தக் கணத்திலேயே புகழ்ந்து ஒரு சிறு தின்பண்டம் கொடுக்க வேண்டும். வீட்டுக்குள் திரும்பி வந்து கொடுத்தால், எதற்காகக் கிடைத்தது என்பது அதற்கு விளங்காது. கண்காணிக்க இயலாத நேரங்களில் சிறு தடுப்புக்குள் விடுவதும், உணவை நேரம் தவறாமல் அளித்து மிச்சத்தை எடுத்துவிடுவதும் பழக்கத்தை விரைவுபடுத்தும்.

நாய் தன் பாதத்தின் கீழே உணரும் பரப்பைக் கொண்டே இடத்தை நினைவில் கொள்கிறது. துணி விரிப்பில் பழகிய குட்டி வாசல் மிதியடியையும் கழிப்பிடமாகவே கருதும். ஆகையால் செய்தித்தாளோ செயற்கைப் புல்விரிப்போ வைத்துப் பழக்குவது மேல். வடகிழக்குப் பருவமழையில் அம்பத்தூர், ஆவடித் தெருக்கள் படும் பாட்டை, குறிப்பாக 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கண்டவர்கள், வெளியே மட்டும் போகப் பழகிய நாய் அந்நாட்களில் எவ்வளவு தவித்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். பால்கனியிலோ குளியலறை ஓரத்திலோ அதே புல்விரிப்பில் இன்னோரிடத்தையும் தொடக்கத்திலிருந்தே பழக்கிவைக்க வேண்டும். தேங்கிய நீரில் எலியின் சிறுநீர் கலந்து எலிக்காய்ச்சல் பரவுவதால், அந்நீரில் நாயை இறக்குவதும் அதைக் குடிக்க விடுவதும் அபாயம். அந்நோய் நாயிடமிருந்து வீட்டாருக்கும் தொற்றும். அதற்குத் தடுப்பூசி உண்டு.

தவறு செய்த இடத்தில் நாயின் மூக்கைத் தேய்ப்பதும், துடைப்பத்தால் அடிப்பதும், பட்டினி போடுவதும் இன்றும் பல வீடுகளில் நடக்கின்றன. சென்ற நிமிஷத்துச் செயலோடு இந்நிமிஷத்து அடியைச் சம்பந்தப்படுத்தும் ஆற்றல் நாய்க்கு இல்லை. அது கற்றுக்கொள்வது ஒன்றே: எஜமானர் பார்க்கும்போது சிறுநீர் கழிப்பது ஆபத்து என்று. அதன் பிறகு அது சோபாவின் பின்னாலும் கட்டிலின் அடியிலும் ஒளிந்து செய்யும், வெளியே கயிற்றில் பிடித்து நின்றாலும் உங்கள் முன்னிலையில் செய்யாது. அடி பயனற்றது என்பதோடு, முன்னே கூறிய 11ஆம் பிரிவின்படி குற்றமும் ஆகலாம். அசுத்தமான இடத்தைப் பினாயிலால் துடைப்பதும் கூடாது. அது நாய்க்கு விஷம். அம்மோனியா கலந்த திரவமோ சிறுநீரின் வாடையையே நினைவூட்டி மீண்டும் அங்கே இழுக்கும். என்சைம் கலந்த துப்புரவுத் திரவமோ, கிடைக்காவிட்டால் வினிகர் கலந்த நீரோ போதும். நன்கு பழகிய நாய் அடிக்கடி சிறுகச் சிறுகப் போனாலும், முக்கினாலும், சிறுநீரில் இரத்தம் கண்டாலும் அது சிறுநீர்ப்பைக் கல் அல்லது தொற்றின் அடையாளம். ஷிட்சூ ஜாதியில் இக்கல் சாதாரணமாகக் காணப்படுவது. 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனையில் ஸ்கேன் முதலிய வசதிகள் உண்டு.

உரிமம் பெறுவதில் நம் மூன்று ஊர்களும் ஒரே ஆட்சியின் கீழ் இல்லை. அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியின் ஒரு மண்டலம். ஆவடி 2019இல் தனி மாநகராட்சியாயிற்று. பூந்தமல்லி தனி நகராட்சியாக இயங்கி வந்துள்ளது. சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு ரேபிஸ் தடுப்பூசிச் சான்றுடன் உரிமம் பெறுவதும் மைக்ரோசிப் பொருத்துவதும் கட்டாயமாக்கப்பட்டு, உரிமமில்லாதவருக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று 2025இன் இறுதியில் அறிவிக்கப்பட்டது. மற்ற இரு ஊரார் தத்தம் உள்ளாட்சி அலுவலகத்தில் விசாரித்தறிய வேண்டும். எங்கிருந்தாலும் மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி, பின்பு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறு ஊசி ஆகியவற்றைத் தவறவிடலாகாது. சீவும்போது செல்ல நாயே கடித்தாலும், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவி, அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அங்கே ஊசி இலவசம்.

அடுக்குமாடிச் சங்கங்களோடு நேரும் சச்சரவுகள் இப்போது மிகுந்துவிட்டன. பெரும்பான்மைத் தீர்மானத்தாலும் வளர்ப்புப் பிராணியைத் தடை செய்ய இயலாது, லிப்டில் ஏற்ற மறுக்கவோ தனிக் கட்டணம் கேட்கவோ கூடாது என்று விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. வாடகைக்குக் குடியிருப்பவர் மட்டும் வீட்டுக்காரரோடு செய்த ஒப்பந்தத்தின் வாசகத்தை முன்னதாகவே படித்துக்கொள்ள வேண்டும். இவ்வுரிமையோடு கடமையும் சேர்ந்தே வருகிறது: பொது இடத்தில் கயிறில்லாமல் விடாதிருப்பதும், மலத்தை உடனே காகிதத்தில் எடுத்து அகற்றுவதும், நாளெல்லாம் தனியே அடைத்துக் குரைக்க விடாதிருப்பதும். அயலாருக்கு ஆபத்து நேரும்படி நாயை அஜாக்கிரதையாக வைத்திருப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்கது. அயலார் கோபத்தில் நாய்க்கு விஷம் வைத்தாலோ ஊனப்படுத்தினாலோ, 325ஆம் பிரிவு ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு வழி செய்கிறது.

பிராணிவதையைக் கண்டவர், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் 2022 முதல் ஆவடி காவல் ஆணையரகத்தின் கீழ் வருவதால், தம் பகுதிக் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் அளித்து, சி.எஸ்.ஆர். எனப்படும் புகார் ஒப்புகை ரசீது பெற்றுக்கொள்ளலாம். 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெரும்பாலான குற்றங்களைக் காவல் துறை நீதிபதியின் அனுமதி பெற்றே விசாரிக்க இயலும். அன்றியும் அச்சட்டப்படி மூன்று மாதங்களுக்குள் வழக்குத் தொடர்ந்தாக வேண்டும் என்பதால் காலதாமதம் வழக்கையே இழக்கச் செய்துவிடும். அச்சட்டம் முதற்குற்றத்துக்கு விதிக்கும் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்தான். 1960இல் அது ஒரு தொகை. இன்று அது சட்டத்துக்கே இழுக்கு. இத்தொகையை உயர்த்தும் திருத்த வரைவு 2022இல் பொதுமக்களின் கருத்துக்காக வெளியிடப்பட்டது. நாடாளுமன்ற உறுப்பினர்களை அதன் பொருட்டு நாம் வற்புறுத்த வேண்டும். ஆயினும் மீண்டும் மீண்டும் வதைப்பவரிடமிருந்து பிராணியையே பறிமுதல் செய்யும் அதிகாரம் 29ஆம் பிரிவால் நீதிமன்றத்துக்கு இன்றைக்கும் இருக்கிறது.

சடை பிடித்து, கண் குழிந்து, தெருநாய்களுக்கு அஞ்சி ஏதேனும் கடையடியில் ஒடுங்கிக் கிடக்கும் நீள்ரோமச் சிறுநாயைக் கொரட்டூரிலோ பருத்திப்பட்டு ஏரிக்கரையிலோ நீங்கள் காண நேர்ந்தால், அது தொலைந்ததாகவும் இருக்கலாம், கைவிடப்பட்டதாகவும் இருக்கலாம். நிழலும் நீரும் கொடுங்கள். சடையை அங்கேயே வெட்ட முயலாதீர்கள். அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் கொண்டுசென்று மைக்ரோசிப் இருக்கிறதா என்று கருவியால் பார்க்கச் சொல்லுங்கள். படத்துடன் காவல் நிலையத்திலும், 1959இல் சென்னையில் தோன்றிய புளூ கிராஸ் போன்ற அமைப்பிலும் தெரிவியுங்கள். புதிதாக நாய் வளர்க்க விரும்புவோர், விலைகொடுத்து வாங்குமுன், இவ்வாறு மீட்கப்பட்டு வீட்டுக்காகக் காத்திருக்கும் நாயை ஒரு முறை சென்று பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.